ஒரு வாசலில் இரண்டு கார்: கரண்டுக்கும் பெட்ரோலுக்கும் 26 மாதக் கணக்கு

என் வீட்டுக்காரர் நூல் ஏஜென்ட். பெருந்துறையில் கிளம்பினால் திருப்பூர், பல்லடம், சோமனூர், கரூர் என்று சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்புவார். மாதம் 1,400 கிலோமீட்டர் ஓடும். அவர் வண்டி 2017 மாடல் மாருதி ஸ்விஃப்ட், பெட்ரோல். நான் ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். போக வர 40 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தம், கோயில், கல்யாணம் எல்லாம் சேர்த்தால் மாதம் 1,200. என் வண்டி 2023 ஆகஸ்டில் எடுத்த டாடா டியாகோ இவி, 24 யூனிட் பேட்டரி. இரண்டும் ஒரே போர்டிகோவில் நிற்கின்றன. இரண்டின் செலவும் ஒரே லாங் சைஸ் நோட்டில் ஏறுகிறது, இடது பக்கம் அவருக்கு, வலது பக்கம் எனக்கு.

கரண்ட் கார் வைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றே: "கிலோமீட்டருக்கு எவ்வளவுங்க ஆகுது?" 60 காசு, 80 காசு, ஒரு ரூபாய் என்று ஆளுக்கொரு பதிலைக் கேட்டிருக்கிறேன். எல்லாமே ஏதோ ஒரு வீட்டுக்குச் சரிதான். என் வீட்டுக்கு எது சரி என்று கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது.

வண்டி வந்த முதல் நாள் ராத்திரியே ஒரு கூத்து. போர்டிகோவில் ஏற்கெனவே ஒரு 15 ஆம்பியர் பிளக் இருந்தது, வாஷிங் மெஷினுக்காகப் போட்டது. அதில் சார்ஜரைச் சொருகினால் சிவப்பு விளக்கு எரிகிறது, வண்டி ஒரு பொட்டு கரண்ட் எடுக்கவில்லை. மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்டர், மல்டிமீட்டர் எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, உங்க வீட்ல எர்த்தே வேலை செய்யல. இத்தனை வருஷம் சும்மா பேருக்குத்தான் கம்பி தொங்கியிருக்கு." மிக்ஸிக்கும் வாஷிங் மெஷினுக்கும் அது தெரியவே இல்லை, கார் மட்டும்தான் கண்டுபிடித்தது. புதிதாகக் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, மீட்டர் போர்டிலிருந்து தனி ஒயர் இழுத்து, தனி எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) வைத்துக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து 8,600 ரூபாய். காரின் விலையைப் பேசுகிற யாரும் இதைச் சொல்வதில்லை. பழைய வீட்டில் இருப்பவர்கள் காருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் எர்த்தைச் சோதித்துவிடுங்கள். சித்திரை வெயிலில் அந்தக் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. அந்த வேலையை மாமியார் எடுத்துக்கொண்டார். "காருக்குத் தண்ணி ஊத்திட்டேன் கண்ணு" என்பார்.

அதே எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அந்த ஒயரில், காருக்குப் போகும் கரண்டை மட்டும் அளக்க, ஒரு சப் மீட்டரும் மாட்டிக்கொண்டேன். இந்தக் கட்டுரையில் உள்ள எண்களுக்கு அந்த 900 ரூபாய் மீட்டர்தான் ஆதாரம். ஏனென்றால் கார் காட்டும் கணக்கும் சுவர் காட்டும் கணக்கும் ஒன்றாக இருப்பதில்லை. ஓர் இரவு பேட்டரிக்குள் 21 யூனிட் ஏறியதாகக் காரின் கணக்கு சொன்னது, சப் மீட்டரில் 24.3 ஓடியிருந்தது. நடுவில் போன 3.3 யூனிட் சார்ஜரின் சூடாகவும் பேட்டரியைக் குளிர்விக்கும் வேலைக்கும் போய்விட்டது. எல்லா கரண்ட் வண்டியிலும் இந்த இழப்பு உண்டு. ஈ.பி.க்காரர் கார் திரையைப் பார்த்துப் பில் போட மாட்டார், அவருக்கு 24.3தான்.

என் வழியில், ஏ.சி. போட்டு, கிலோமீட்டருக்குச் சுவரிலிருந்து 0.124 யூனிட் எடுக்கிறது. ஒரு முழு சார்ஜில் ஊருக்குள் 225 கிலோமீட்டர் வரை வரும், பைபாஸில் 90 வேகத்தில் போனால் 180. விளம்பரத்தில் 315 என்று இருந்தது. அது சோதனைக்கூடத்துத் தூரம், பெட்ரோல் வண்டியின் விளம்பர மைலேஜைப் போல. அதைப் பார்த்து நான் கணக்குப் போடவில்லை.

இனி கரண்ட் விலை. இங்கேதான் பாதிப்பேர் தவறுகிறார்கள், முதல் ஆறு மாதம் நானும் தவறினேன்.

கார் வருவதற்கு முன் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் ஆகும். 2025இல் இருந்த கட்டணத்தில் போட்டால், முதல் 100 இலவசம். அடுத்த 100க்கு 2 ரூபாய் 35 காசு, 201 முதல் 400 வரை 4.70, அதற்கு மேல் 6.30. மொத்தம் 1,301 ரூபாய். கார் வந்த பிறகு 260 யூனிட் கூடி 680. அதே கட்டணத்தில் பில் 3,636. என் பக்கத்து வீட்டு சார் இதைப் பார்த்துவிட்டு, "3,636ஐ 680ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 5 ரூபாய் 35 காசு. கிலோமீட்டருக்கு 66 காசுதான்மா ஆகுது" என்று சந்தோஷப்பட்டார். நானும் அப்படித்தான் நோட்டில் எழுதிவைத்திருந்தேன்.

ஆனால் அந்த இலவச 100 யூனிட்டைக் கார் சாப்பிடவில்லை. அது முன்பே ஃபிரிட்ஜும் ஃபேனும் தின்று தீர்த்தது. கார் வரிசையில் கடைசியாக வந்து உட்கார்ந்த ஆள். அதற்குக் கிடைத்ததெல்லாம் மேல் படியில் இருக்கும் யூனிட்: 6.30, பிறகு 8.40, 600க்கு மேல் 9.45. இதோடு இன்னொரு வேலையும் நடக்கிறது. 500க்குள் இருக்கும்வரை 101 முதல் 200 வரையிலான நூறு யூனிட்டுக்கு 2.35தான். 501 ஆகிவிட்டால் அந்த நூறுக்கும் 4.70 போட்டுவிடுவார்கள். அதாவது ஒரே ஒரு யூனிட் தாண்டியதற்கு 235 ரூபாய் பின்னால் போய் ஏறுகிறது. இத்தனையும் காரால் வந்த செலவு. எனவே 3,636லிருந்து 1,301ஐக் கழித்து, 2,335 ரூபாயை 260 யூனிட்டால் வகுக்க வேண்டும். யூனிட்டுக்கு 8 ரூபாய் 98 காசு. கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 11 காசு.

66 காசு எங்கே, 1 ரூபாய் 11 காசு எங்கே! பெட்ரோலோடு ஒப்பிட்டால் இரண்டுமே சின்ன எண்கள்தான். ஆனாலும் கணக்கில் தப்பு என்றால் தப்புதான்.

இரவில் சார்ஜ் போட்டால் மலிவு என்று சிலர் சொல்வார்கள். நம் ஊர் வீட்டு இணைப்புக்குப் பகல் விலை, இரவு விலை என்ற பேதம் இல்லை. நான் இரவில் போடுவது காலையில் வண்டி வேண்டும் என்பதற்காக மட்டுமே. 15 ஆம்பியர் பிளக்கில் காலியிலிருந்து நிறைய ஒன்பது மணி நேரம் பக்கம் ஆகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சாப்பாடு முடிந்ததும் சொருகிவிடுவேன், அவ்வளவுதான்.

மாமாவிடம் ஒரு யோசனை இருந்தது. தோட்டத்தில் கிணற்று மோட்டார் சர்வீஸ் இருக்கிறது, விவசாய இணைப்பு, பில்லே கிடையாது. "அங்க கொண்டுபோய் நிறுத்தும்மா, ராத்திரியோட ராத்திரியா ஏத்திக்கலாம்" என்றார். விவசாயத்துக்கென்று கொடுத்த மின்சாரத்தைக் காருக்கு எடுத்தால் குற்றம், மாட்டினால் அபராதத்தோடு இணைப்பும் போகலாம் என்று விளக்கினேன். "ஒரு காருக்கு என்ன ஆயிடப்போவுது" என்று முனகினார். இன்னும் அந்த ஆசை அவருக்குப் போகவில்லை.

இப்போது நோட்டின் இடது பக்கம். வீட்டுக்காரர் பெட்ரோல் பில்லைச் சட்டைப் பையிலேயே துவைக்கப் போடுகிற ஆள். இருந்தாலும் தொழில் செலவில் காட்ட வேண்டும் என்பதால் நான் பிடுங்கி வைத்துவிடுவேன். 26 மாதத்தில் 36,400 கிலோமீட்டர், 2,104 லிட்டர், 2,14,500 ரூபாய். லிட்டருக்கு 17.3 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 89 காசு. அவர் ஓட்டுவது பெரும்பாலும் நீண்ட சாலை, அதனால்தான் இந்த மைலேஜ். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வந்த பிறகு முன்பு கொடுத்த 18 கொடுப்பதில்லை என்கிறார். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனால் எட்டு வருஷ வண்டி, வலது கால் கனமான ஆள். எது எவ்வளவு காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இரண்டு பக்கமும் வேறு வேறு சாலை என்றால் ஒப்பீடு நியாயமா? அந்தக் கேள்வி எனக்கே உறுத்தியதால் 2025 மே மாதம் ஒரு வாரம் சாவியை மாற்றிக்கொண்டோம். திங்கள் முதல் சனி வரை ஸ்விஃப்டில் நான் ஈரோடு போய் வந்தேன். 240 கிலோமீட்டர். பெருந்துறை ரோட்டில் காலை ஒன்பது மணி நெரிசல், பன்னீர்செல்வம் பார்க் சிக்னல், மே மாத வெயிலில் ஏ.சி. இரண்டாவது புள்ளியில். டேங்கை நிரப்பி நிரப்பி அளந்ததில் 15.8 லிட்டர் போயிருந்தது, 1,600 ரூபாய் சொச்சம். லிட்டருக்கு 15.2தான். கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 68 காசு. அதற்கு அடுத்த வாரம் அதே வழி, அதே நேரம், என் வண்டியில்: 29 யூனிட், 260 ரூபாய்.

நெரிசலில் இரண்டு வண்டியும் எதிரெதிராக நடந்துகொள்கின்றன என்பதை அந்த வாரம்தான் கண்ணால் பார்த்தேன். சிக்னலில் நிற்கும்போது ஸ்விஃப்ட் எஞ்சின் ஏ.சி.க்காக ஓடிக்கொண்டே இருக்கும், சராசரி மைலேஜ் எண் கண் முன்னால் தேயும். டியாகோவில் நின்றால் ஏ.சி.க்கு மட்டும்தான் செலவு, பிரேக் பிடிக்கிறபோது கொஞ்சம் பேட்டரிக்குத் திரும்பி வருகிறது. பைபாஸில் கதை தலைகீழ். வேகம் கூடக் கூட என் வண்டி கரண்டைக் குடிக்கும், ஸ்விஃப்ட் அங்கேதான் நல்ல மைலேஜ் தரும். அந்த வாரம் என் காரில் கரூர் போய் வந்த வீட்டுக்காரர் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. மறுநாள் பல்லடத்துக்குத் தன் நண்பர் வண்டியில் போனார்.

வெளியே சார்ஜ் போடுவது தனிக் கதை. போன வருஷம் மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், கரூர், திண்டுக்கல் வழி. நடுவில் ஒருமுறை போட்டே ஆக வேண்டும். கரூர் தாண்டி ஓர் ஓட்டல் வாசலில் இருந்த சார்ஜரில் நிறுத்தினால், ஆப்பில் "தயார்" என்று பச்சையாக இருக்கிறது, மெஷின் திரை கறுப்பாக இருக்கிறது. அந்த ஆப்பின் வாலட்டில் குறைந்தது 500 ரூபாய் போட்டால்தான் வேலை நடக்கும் என்பதால் முன்கூட்டியே போட்டிருந்தேன். வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்தால் ஒரு பையன், "மேடம், வெளியில இருக்கிற சிவப்பு பட்டனைத் திருப்பி விடுங்க" என்றான். திருப்பினேன். "இப்ப?" இப்பவும் கறுப்புதான். ஓட்டல்காரர் இட்லித் தட்டோடு வந்து, "அது மூணு நாளா அப்படித்தானுங்க" என்றார். 30 கிலோமீட்டர் தள்ளி வேறு கம்பெனி மெஷின், வேறு ஆப், இன்னொரு 500. ஏ.சி.யை அணைத்து, ஜன்னலை இறக்கி, 60 வேகத்தில் போய்ச் சேர்ந்தோம். பட்டுப்புடவையில் அந்த அரை மணி நேரம் எப்படி இருந்தது என்பதை எழுத வேண்டாம்.

அங்கே யூனிட் 18 ரூபாய், மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 21 ரூபாய் 24 காசு. 14 யூனிட்டுக்கு 297 ரூபாய். கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 83 காசு ஆகிறது. மற்ற இடங்களில் இன்னும் கூடவும் கொடுத்திருக்கிறேன். வீட்டில் 600 யூனிட் தாண்டிவிடுமே என்று பயந்து வெளியில் போட்டுக்கொள்ளலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். 2025இல் வீட்டுக் கட்டணத்தின் உச்சப்படியே 1,000 யூனிட்டுக்கு மேல் 11 ரூபாய் 55 காசுதான். அதில் போட்டாலும் வெளியில் ஆவதில் பாதிதான் வரும். வழியில் வேறு கதியில்லாதபோது மட்டும் வெளியே.

மூன்று ஆப்களில் இப்போது என் பணம் மொத்தம் 870 ரூபாய் தூங்குகிறது. ஒன்றில் திரும்ப எடுக்கும் பட்டனையே காணோம். நோட்டில் அதைச் சஸ்பென்ஸ் கணக்கில், அதாவது முடிவு தெரியாத தொகையை ஒதுக்கி வைக்கும் கணக்கில், எழுதியிருக்கிறேன். மார்ச் வந்தால் வராக்கடனாகத் தள்ளிவிட வேண்டியதுதான்.

26 மாதத்தில் என் வண்டி ஓடியது 31,180 கிலோமீட்டர். வீட்டுக் கரண்டுக்கு 29,800 ரூபாய், வெளியே 11,100. மொத்தம் 40,900. கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 31 காசு. வெளியே ஓடியது எட்டில் ஒரு பங்கு தூரம், ஆனால் செலவில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் அது. அடிக்கடி வெளியூர் போகிற குடும்பமானால் இந்த 1.31 சுலபமாக இரண்டு ரூபாய் ஆகும்.

மற்றச் செலவுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் எனக்கு இதுவரை 6,850, கிலோமீட்டருக்கு 22 காசு. ஆயில் இல்லை, ஆயில் ஃபில்டர் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை. பார்த்துத் துடைத்துக் கொடுக்கிறார்கள். ஸ்விஃப்டுக்கு 21,000, கிலோமீட்டருக்கு 58 காசு. அதற்கு இடையில் கிளட்ச் மாற்றியது 11,500, அதைச் சேர்க்கவில்லை. எட்டு வருஷ வண்டியைப் புது வண்டியோடு அப்படி ஒப்பிடக் கூடாது.

டயரில் நான் தோற்றேன். 29,000 கிலோமீட்டரில் முன் டயர் இரண்டும் வழுக்கை. பேட்டரி எடை ஒரு காரணம். இன்னொரு காரணம் நான். மிதித்ததும் பாய்கிற வண்டி, சிக்னலில் புல்லட் பையன்களை முந்துவதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். நாற்பத்தாறு வயதில் வந்த கெட்ட பழக்கம், அதன் விலை 9,200 ரூபாய். நான்கு டயர் கணக்குக்கு எனக்குக் கிலோமீட்டருக்கு 57 காசு ஆகும், அவருக்கு 40 காசு.

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியம் கரண்ட் வண்டிக்குச் சலுகை. என் மோட்டாருக்கு வருஷம் 2,904, ஸ்விஃப்ட் எஞ்சினுக்கு 3,416. இந்தச் சலுகையை மட்டும் பெரிதாகச் சொல்வார்கள். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் வண்டி விலையைப் பார்த்து வருவது, விலை கூடினால் அதுவும் கூடும். இதே அளவு பெட்ரோல் வண்டியைவிட எனக்கு வருஷத்துக்கு 5,000 கூடுதலாகத்தான் போகிறது.

எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஓட்டும் செலவு பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 87 காசு, கரண்டுக்கு 2 ரூபாய் 10 காசு. வித்தியாசம் 4 ரூபாய் 77 காசு. பெட்ரோலுக்கு வீட்டுக்காரரின் நல்ல மைலேஜையே எடுத்திருக்கிறேன், என் நெரிசல் மைலேஜை எடுத்திருந்தால் இன்னும் கூடும். மிச்சத்தைக் குறைத்துக் காட்டுவது தொழில் பழக்கம். வருஷம் 14,400 கிலோமீட்டருக்கு 68,700, இன்சூரன்ஸ் போக 63,700 ரூபாய் மிச்சம்.

மிச்சம் என்ற சொல்லைச் சொல்லும்போதே வாங்கிய விலையும் ஞாபகம் வர வேண்டும். என் வண்டி சாலைக்கு வந்தபோது 10,90,000. அதே டியாகோவின் பெட்ரோல் மாடலுக்குக் கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தேன், 7,60,000. நடுவில் 3,30,000. தமிழ்நாட்டில் கரண்ட் வண்டிக்குச் சாலை வரி முழு விலக்கு இருந்ததால்தான் இந்த அளவில் நின்றது, பெட்ரோலுக்கு அப்போது 10 சதவீதம். 10 லட்சத்துக்கு மேல் என்பதால் ஒரு சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடித்தார்கள், அதை வருமான வரி ரிட்டர்னில் திரும்ப வாங்கிவிட்டேன். வாங்க முடியாமல் போனது 80 ஈஈபி. கரண்ட் வண்டிக் கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வருமான வரிக் கழிவு தரும் பிரிவு. 2023 மார்ச் 31க்குள் கடன் அனுமதி ஆகியிருக்க வேண்டும். நான் ஆகஸ்டில் போய் நின்றேன். ஊருக்கெல்லாம் வரிக் கழிவு சொல்லிக் கொடுக்கிறவள் தன் விஷயத்தில் ஐந்து மாதம் பிந்திவிட்டாள் என்று வீட்டுக்காரர் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

3,30,000ஐ 63,700ஆல் வகுத்தால் ஐந்து வருஷம் இரண்டு மாதம், 75,000 கிலோமீட்டர் பக்கம். கூடுதல் தொகைக்குக் கட்டும் வட்டி எனக்கு ஐந்து வருஷத்தில் 78,000 சொச்சம். அதையும் ஏற்றினால் ஆறரை வருஷம். பேட்டரிக்கு எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி இருக்கிறது. அந்த வேலிக்குள் முதல் திரும்பிவிடும் என்பதால்தான் நான் தைரியமாக இருக்கிறேன். புதிதாக வாங்க நினைப்பவர்கள் என் 3,30,000ஐ எடுத்துக்கொள்ள வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களின் ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, கரண்ட் வண்டிக்கு முன்பே 5தான். அந்தப் பக்கம் விலை இறங்கினால் என் பக்கம் திரும்பி வரும் காலம் நீளும். கொட்டேஷன் இரண்டையும் அன்றைய தேதியில் வாங்கிப் பாருங்கள்.

விற்கும் விலையில்தான் என் கணக்கு கொஞ்சம் தள்ளாடுகிறது. ஈரோட்டில் பழைய வண்டி வாங்கி விற்பவர் ஒருவரிடம் சும்மா கேட்டேன். ஸ்விஃப்டைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்து, "நாலு இருபது, இப்பவே எடுத்துக்கறேன்" என்றார். என் வண்டிக்கு ரொம்ப நேரம் யோசித்து, "அஞ்சு... யாராச்சும் கேட்டா சொல்றேன்ங்க" என்றார். எட்டு வருஷ வண்டியும் இரண்டு வருஷ வண்டியும் கிட்டத்தட்ட ஒரே விலை. தேய்மானத்தைச் செலவாக எழுதினால், மூன்று வருஷத்தில் வண்டி மாற்றுகிறவருக்கு கரண்ட் வண்டி சுத்த நஷ்டம். நான் பத்து வருஷம் வைத்திருக்கப் போகிறவள், அதனால் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டேன்.

போன தீபாவளிக்குப் பவானிக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் வீட்டுக்காரர், "அக்கா, நாங்களும் இதே வண்டி எடுத்துடலாம்னு இருக்கோம்" என்றார். ஈ.பி. கார்டை எடுத்து வரச் சொல்லி, முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அங்கேயே கணக்குப் போட்டேன். இரண்டே பேர், ஏ.சி. இல்லை, இரண்டு மாதத்துக்கு 180 யூனிட். மாதம் 400 கிலோமீட்டர்தான் ஓட்டுவார்கள், காருக்கு 99 யூனிட் வரும். 180லிருந்து 279 ஆனால் பில் 418 ரூபாய்தான் கூடும். யூனிட்டுக்கு 4 ரூபாய் 22 காசு, கிலோமீட்டருக்கு 52 காசு! என் செலவில் பாதிகூட இல்லை. தங்கைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

அப்புறம் அடுத்த வரியை எழுதினேன். பெட்ரோலோடு வித்தியாசம் கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் சொச்சம் என்றே வைத்தாலும் வருஷம் 4,800 கிலோமீட்டருக்கு 25,000தான் மிச்சம். 3,30,000 திரும்பப் பதின்மூன்று வருஷம். கரண்ட் மலிவாகக் கிடைக்கிற வீட்டுக்குக் கார் லாபமில்லை, கரண்ட் விலை கொதிக்கிற என் வீட்டுக்கு லாபம். ஓடுகிற தூரம்தான் காரணம். என் கணக்கில் மாதம் 1,000 கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டுகிற யாருக்கும் செலவைச் சொல்லி கரண்ட் வண்டியைப் பரிந்துரைக்க மாட்டேன். சத்தமில்லை, கியர் இல்லை, ஓட்டச் சுகம் என்று வாங்குவதானால் வாங்கலாம், அது வேறு.

தங்கை வீட்டுக்காரர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "மாடியில சோலார் போட்டா, அக்கா?" என்றார். 3 கிலோவாட் போட்டால் மத்திய அரசு மானியம் 78,000 வரும், நல்ல வெயில் நாளில் ஒரு 12 யூனிட் கிடைக்கும். ஆனால் மாதம் 400 கிலோமீட்டர் ஓடுகிற காருக்காகச் சோலார் போடுவது, பால் குடிக்கிற பூனைக்காகப் பண்ணை வைப்பது மாதிரி என்றேன். சிரித்துக்கொண்டே பழைய வேகன் ஆர் ஒன்று பார்த்து எடுத்துவிட்டார்கள். அந்தச் சோலார் யோசனையை நான்தான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். 9 ரூபாய் 45 காசு படியை வெட்ட எங்கள் மாடி சும்மாதான் கிடக்கிறது, மாமியாரின் வடகம் காயும் இடம் மட்டும் போக.

வீட்டுக்காரருக்கு மாதம் 1,400 கிலோமீட்டர், என்னைவிட அவருக்குத்தான் கரண்ட் வண்டி பொருந்தும் என்று நோட்டைக் காட்டினேன். ஒரே நாளில் கரூரும் சேலமும் போய் வர வேண்டியிருக்கும், பார்ட்டி காத்திருக்கும்போது சார்ஜர் வாசலில் நிற்க முடியாது என்கிறார். நியாயம்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்கே கிளம்பினாலும் ஸ்விஃப்ட் சாவி ஆணியில் அப்படியே தொங்குகிறது. என் சாவியைக் காணோம்.